மஞ்சள் நீராட்டுக்கு முன்பே சொல்ல வேண்டியதைச் சொல்வது யார்: பள்ளியா, பெற்றோரா?

மருதம்

பாலியல் கல்வியை ஒன்பதாம் வகுப்பு வரை தள்ளிப்போடாமல் இன்னும் சிறிய வயதிலேயே தொடங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் ஒரு வழக்கில் சொன்னது. 2009-ல் நிலைமை நேர்மாறாக இருந்தது. வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளியில் பாலியல் கல்வியே கூடாது என்று பரிந்துரைத்தது. அதற்கும் முன்னால், 2007 வாக்கில், மத்திய அரசின் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் என்று பல மாநிலங்கள் வரிசையாக நிறுத்தின. நம் ஊரில் என்ன செய்யலாம்? பள்ளிதான் சொல்லித்தர வேண்டும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

வேப்பமரத்தடி

என் கட்சி வீடு. பண்பாடு, ஒழுக்கம் என்று பேச வரவில்லை, நடைமுறையைப் பேசுகிறேன்.

ஆறாம் வகுப்பில் 40 பிள்ளைகள். ஒருத்தி பத்து வயதிலேயே பெரியவளாகியிருப்பாள், இன்னொருத்திக்குப் பதினாலு வரை ஆகாது. பையன்களுக்கும் 9 முதல் 14 வரை எப்போது வேண்டுமானாலும் மாற்றம் தொடங்கும். எந்தப் பிள்ளைக்கு எப்போது, எவ்வளவு என்பது தினமும் தலைவாரி விடுகிற தாய்க்குத் தெரியும். 40 நிமிடம் பார்த்துவிட்டுப் போகிற ஆசிரியருக்கு எப்படித் தெரியும்?

அடுத்தது, யார் நடத்துவது? ஆயுஷ்மான் பாரத்தின் கீழ் 2020-ல் வந்த பள்ளி நலத் திட்டத்தில் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், முடிந்தால் ஒரு ஆண், ஒரு பெண். தலைப்புகள் 11. பயிற்சி மாநிலத்திலிருந்து மாவட்டம், மாவட்டத்திலிருந்து ஒன்றியம் என்று இறங்கி வருவதற்குள் கடைசி ஆளுக்குக் கையில் மிஞ்சுவது ஒரு கட்டு ஸ்லைடு. பிள்ளைகள் கேட்கிற கேள்விக்கு முகம் சிவக்காமல் பதில் சொல்லும் பழக்கம் ஸ்லைடில் வராது. ஆசிரியர் தடுமாறினால் பின் பெஞ்சு சிரிக்கும். அந்தச் சிரிப்பை ஒரு பெண் பிள்ளை மாதக்கணக்கில் சுமப்பாள்.

தென்றல்83

பயிற்சி பற்றி ஐயா சொன்னது உண்மை. ஆனால் பள்ளியில் இந்தப் பாடமே இல்லாதது போலப் பேசுகிறோம். இருக்கிறது, தப்பான இடத்தில் இருக்கிறது. சமச்சீர் எட்டாம் வகுப்பு அறிவியலில் மொத்தம் 23 அலகு. ‘வளரிளம் பருவமடைதல்’ இருபதாவது. அங்கே வருவதற்குள் முழு ஆண்டுத் தேர்வு நெருங்கிவிடும். போர்ஷன் முடிக்கிற அவசரத்தில் “வீட்ல படிச்சுக்கோங்க” என்று முதலில் தாண்டிப் போவது இதைத்தான். ஒழுங்காக நடத்தினாலும் பிள்ளைக்கு அப்போது வயது 13. பெண்களில் பலர் அதற்குள் வயதுக்கு வந்திருப்பார்கள்.

பத்தாம் வகுப்பில் இனப்பெருக்க மண்டலப் படம் வரைந்து விந்தகம், அண்டகம், கருப்பை என்று பாகம் குறிப்பார்கள். மதிப்பெண் வரும். பக்கத்து வீட்டு அண்ணன் மடியில் உட்காரச் சொன்னால் என்ன செய்வது என்று அந்தப் படத்தில் எங்கேயும் இல்லை.

கோடைமழை

வீடு என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பெண் பெரியவளானால் ஊரைக் கூட்டுகிறோம். தாய்மாமன் சீர், பச்சை ஓலைக் குடிசை, மண்டபம், ஃப்ளெக்ஸ் பேனர். உளுந்தங்களி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை. இவ்வளவும் ரத்தம் பார்த்த பிறகு. முந்தின நாள் வரை அவளிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். அடிபட்டுவிட்டது, ஏதோ நோய் வந்துவிட்டது என்று பாத்ரூமில் அழுகிற பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள்.

ஒன்பது, பத்து வயதிலேயே அவளுக்குத் தெரிய வேண்டியது அதிகமில்லை. ரத்தப்போக்கு 2 முதல் 7 நாள். முதல் ஒன்றிரண்டு வருடம் சுழற்சி ஒழுங்காக வராது, 21 நாளிலும் வரலாம், 45 நாளிலும் வரலாம். நனையாவிட்டாலும் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டும். துணி என்றால் சோப்புப் போட்டு அலசி வெயிலில் உலர்த்த வேண்டும். யாரும் பார்க்கக் கூடாது என்று பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப்போடும்போது ஈரம் போகாது, அரிப்பும் புண்ணும் அங்கிருந்துதான் வரும். 15 வயதாகியும் மாதவிடாய் வரவில்லை, 13 ஆகியும் மார்பு வளரத் தொடங்கவில்லை, ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் 90 நாளுக்கு மேல் இடைவெளி, மணிக்கொரு நாப்கின் முழுக்க நனைகிறது: இதில் எது இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும்.

அரசின் ‘புதுயுகம்’ திட்டத்தில் இரண்டு மாதத்துக்கு 3 பாக்கெட், பாக்கெட்டுக்கு 6. ஆக மாதத்துக்கு 9 நாப்கின். ஐந்து நாள், நாளைக்கு நாலு என்றால் 20 வேண்டும். மீதி 11-க்கு வீட்டில் பணம் கேட்க வேண்டும். இந்தக் கணக்கை அவளோடு உட்கார்ந்து போடுகிற ஆள் வேண்டும். வீட்டில் யார் போடுகிறார்கள்?

வேப்பமரத்தடி

அருமையான பட்டியல், அம்மா. இதையே தாய்மார்களுக்குக் கொடுங்கள் என்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். கூட்டத்துக்குக் கிராம சுகாதாரச் செவிலியரைக் கூப்பிடுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு அரை மணி, அப்பாக்களுக்குத் தனியாக அரை மணி. நாலு நாப்கின், ஒரு படம், கேட்க வேண்டிய கேள்விகளோடு ஒரே ஒரு தாள். சொல்லத் தெரியாததால்தான் வீட்டில் சொல்வதில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதற்காகப் பொறுப்பையே பிடுங்கிக்கொள்வதா?

மருதம்

பையன்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே.

கோடைமழை

எழுத வேண்டியதுதான். இரவில் தூக்கத்தில் விந்து வெளியேறுவது இயல்பு என்று பன்னிரண்டு வயதுப் பையனிடம் யாருமே சொல்வதில்லை. அந்த இடத்தை நிரப்புவது ‘நாற்பது துளி ரத்தம் ஒரு துளி விந்து’ என்ற பொய்யும், ஊர் ஊராக லாட்ஜில் முகாம் போட்டு ‘நரம்புத் தளர்ச்சி’க்கு மருந்து விற்கிறவர்களும். உடலுறவுத் திறனைக் கூட்டுவதாக மருந்து விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரெல்லாம் அந்த நோட்டீஸ்தான். விந்து உடம்பில் தொடர்ந்து உற்பத்தியாகிறது, வெளியேறுவதால் ரத்தம் குறையாது, பலம் போகாது. இந்த மூன்று வரி தெரியாததால் ஆயிரக்கணக்கில் பணத்தையும் மன நிம்மதியையும் இழக்கிறார்கள்.

நீதிமேடை

வேப்பமரத்தடி ஐயாவின் திட்டம் நல்லது, நடத்தட்டும். ஆனால் அது வீடு பாதுகாப்பாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தொடங்குகிறது. மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டது. ஏதாவது ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53.22 விழுக்காடு. அதில் பாதி, குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள் செய்தது. மாமா, தாத்தா, சில வீடுகளில் அப்பா. அந்த வீட்டில் அந்தத் தாளை யார் யாருக்குப் படித்துக் காட்டுவது?

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ம் பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்த எவரும் போலீசிலோ சிறார் சிறப்புக் காவல் பிரிவிலோ சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லாமல் விட்டால் 21-ம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத் தலைவர் தன் கீழ் வேலை செய்பவரைப் பற்றி மறைத்தால் ஒரு வருடம் வரை. நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது. குடும்பத்துக்கு வெளியே பிள்ளை தினமும் பார்க்கிற ஆள் ஆசிரியர் மட்டும்தான்.

வேப்பமரத்தடி

அந்த ‘நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்’ ஆசிரியராகவும் இருக்கிறாரே? பள்ளிக்குள் நடந்ததை நிர்வாகமே மூடி மறைத்த வழக்குகளைத் தமிழ்நாடு பார்க்கவில்லையா? எந்த ஆசிரியரிடம் பிள்ளை பயப்படுகிறதோ அவரே வந்து ‘பாதுகாப்பான தொடுதல்’ பாடம் எடுத்தால், அவருடைய கைக்கு நாமே சான்றிதழ் கொடுத்தது போல ஆகாதா?

தென்றல்83

நியாயமான பயம். அதனால்தான் பாடத்திலேயே ‘ஐந்து விரல்’ என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பெரியவர் பெயர், பிள்ளையே தேர்ந்தெடுக்க வேண்டும். இருவராவது வீட்டுக்கு வெளியே, ஒருவராவது பள்ளிக்கும் வெளியே. ஒருவர் நம்பாவிட்டால் அடுத்த விரல். கடைசியில் குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. வீட்டை மட்டும் நம்பினாலும் பள்ளியை மட்டும் நம்பினாலும் ஒரு கதவுதான். பிள்ளைக்கு இரண்டு கதவு வேண்டும்.

‘நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்’ என்று சொல்லித் தருவதையும் நிறுத்த வேண்டும். கெட்டது என்றால் வலிக்கும் என்று பிள்ளை புரிந்துகொள்கிறது. தொல்லை செய்பவர் வலியில் தொடங்குவதில்லை. கிச்சுக்கிச்சு, சாக்லேட், செல்போனில் கேம் என்றுதான் தொடங்குவார். வலிக்கவில்லையே, அப்போ தப்பில்லையே என்று பிள்ளை குழம்பும். பிறகு தானும் உடந்தை என்று குற்ற உணர்ச்சி. உணர்வை வைத்துச் சொல்லாமல் இடத்தை வைத்துச் சொல்ல வேண்டும்: உள்ளாடை மூடுகிற இடங்களை யாரும் தொடக் கூடாது, பார்க்கக் கூடாது, தங்களுடையதைத் தொடச் சொல்லவும் கூடாது. குளிப்பாட்டும் நேரமும், அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்க மருத்துவர் பார்ப்பதும் மட்டும் விலக்கு. ‘யாரிடமும் சொல்லாதே’ என்று யார் சொன்னாலும் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

நீதிமேடை

இதில் தமிழிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் வீடுகளில் அந்த இடங்களுக்குப் பெயர் கிடையாது. ‘சுச்சு’, ‘பூ’, ‘அது’. பெரியவர்கள் வாயில் இருப்பது கெட்ட வார்த்தை, புத்தகத்தில் இருப்பது வீட்டில் புழங்காத சொல். “மாமா என் பூவைப் பிடிச்சாரு” என்று ஒரு பிள்ளை வந்து சொன்னால், “வேற பூ வாங்கித் தர்றேன்டா” என்று பெரியவர் அனுப்பிவிட முடியும். போலீசார் வாக்குமூலம் எழுதும்போதும், நீதிமன்றத்திலும் எந்த இடம் என்பதைப் பிள்ளையை மறுபடி மறுபடி கேட்டுத் துன்புறுத்த வேண்டி வருகிறது. ஆண்குறி, பெண்குறி, மார்பு, பிட்டம். மூக்கு, முழங்கால் சொல்லித் தருகிற அதே மூச்சில், அதே குரலில், முதல் வகுப்பிலேயே வந்துவிட வேண்டும். பிறகு சொன்னால் அது ‘அந்த’ வார்த்தை ஆகிவிடும்.

வேப்பமரத்தடி

உடலுறுப்புப் பெயர், தொடுதல், 1098: இவை பள்ளியில் இருக்கட்டும், ஒப்புக்கொள்கிறேன். பெயர் விஷயத்தை நான் யோசித்ததில்லை. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் கருத்தடை, காதல், உடலுறவு என்று போகும்போது பெற்றோருக்கு ‘என் பிள்ளைக்கு வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை வேண்டும். இங்கிலாந்திலேயே அது இருக்கிறது.

நீதிமேடை

இருக்கிறது, எல்லையோடு. அங்கே 2020 செப்டம்பர் முதல் உறவுக் கல்வி எல்லாப் பள்ளியிலும் கட்டாயம், அதிலிருந்து விலக்கு கிடையாது. பாலியல் பகுதியிலிருந்து மட்டும் பெற்றோர் விலக்கு கேட்கலாம். பிள்ளைக்கு 16 ஆவதற்கு மூன்று பள்ளிப் பருவம் முன்னால் அந்த முடிவு பிள்ளை கைக்கு வந்துவிடும்.

நம் நாட்டில் ஒன்பதாம் வகுப்பில் கருத்தடையை விடச் சட்டம்தான் அவசரம். உடலுறவுக்குச் சம்மதம் சொல்லும் வயது 18. 17 வயதுப் பெண்ணும் 19 வயதுப் பையனும் விரும்பி உறவு வைத்தாலும் அவனுக்குக் குறைந்தது 10 வருடம், அவள் 16-க்குக் கீழே என்றால் குறைந்தது 20. வளரிளம் பருவக் காதலைத் தண்டிப்பது போக்சோ சட்டத்தின் நோக்கமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் ஒரு வழக்கை ரத்து செய்தது. ஆனால் அந்தக் கட்டத்துக்கு வருவதற்குள் பையன் சிறைக்குப் போய், படிப்பும் போயிருக்கும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் ஆபாசப் படத்தை ஃபார்வர்டு செய்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி, முதல் முறையே ஐந்து வருடம் வரை. எத்தனை அப்பாக்களுக்கு இது தெரியும்?

வேப்பமரத்தடி

சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துவது கல்வியா? பயந்த பிள்ளை கர்ப்பமானால் ஆஸ்பத்திரிக்கே வராது.

கோடைமழை

இதில் ஐயா பக்கம்தான் நான். தண்டனையை மட்டும் சொன்னால் கருவைக் கலைக்க மாத்திரைக் கடைக்குப் போவார்கள். சட்டத்தைச் சொல்கிற அதே வகுப்பில், எந்த வயதானாலும் அரசு மருத்துவமனை உங்களைத் திருப்பி அனுப்பாது என்பதையும் சொல்ல வேண்டும்.

மருதம்

அப்படியானால் வகுப்பில் கேள்விகளை எப்படிக் கையாள்வது? பின் பெஞ்சு சிரிப்புக்கு இன்னும் பதில் வரவில்லை.

தென்றல்83

கேள்விப் பெட்டி. ஆனால் தலைமை ஆசிரியர் அறை வாசலில், கேமராவுக்குக் கீழே மாட்டினால் ஆறு மாதமானாலும் காலியாகத்தான் இருக்கும். எல்லாருக்கும் ஒரே அளவுத் தாள், ஒரே நேரம். எல்லாரும் எழுத வேண்டும். கேள்வி இல்லாதவர்கள் கரும்பலகையில் இருக்கும் இரண்டு வரியைப் பார்த்து எழுத வேண்டும், அப்போதுதான் யார் கேட்டது என்று தெரியாது. வாங்கிய அன்றைக்கே வகுப்பில் பிரித்துப் படிக்கக் கூடாது. ஆசிரியர் தனியே படித்து, பதிலைத் தயார் செய்துகொண்டு அடுத்த வகுப்பில் சொல்ல வேண்டும். தடுமாற்றம் பாதி குறைந்துவிடும், சிரிப்பும்.

தாளில் ஏதாவது பிள்ளையின் துன்பம் தெரிந்தால் வகுப்பில் மூச்சு விடக் கூடாது. யார் என்று தெரிந்தால் அந்தப் பிள்ளையிடம் தனியாக, “சொன்னது நல்லது, உன் மேல் தப்பில்லை” என்று தொடங்கிக் கேட்டுக்கொள்ள வேண்டும். “அங்க தொட்டாரா, இங்க தொட்டாரா” என்று வார்த்தை எடுத்துக் கொடுக்கக் கூடாது. வழக்கில் அதையே ‘டீச்சர் சொல்லிக் கொடுத்தது’ என்பார்கள். பிள்ளை சொன்ன அதே சொற்களில் தேதி, நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்கக் கூடாது, காப்பாற்ற முடியாது. குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு விசாரிக்கவே கூடாது. நேரே 1098 அல்லது போலீஸ்.

வேப்பமரத்தடி

அப்படியென்றால் என் கடைசி நிபந்தனை ஒன்று. பாடம் நடத்துவதற்கு ஒரு வாரம் முன்னால், பயன்படுத்தப் போகும் படங்களும் சொற்களும் அப்படியே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோருக்குக் காட்டப்பட வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் வருகிற மாதிரி மாலை ஆறு மணிக்கு மேல். பிள்ளை வீட்டுக்கு வந்து கேட்கும்போது அம்மாவுக்கும் அதே சொல் தெரிந்திருக்க வேண்டும்.

தென்றல்83

இதற்கு மறுப்பே இல்லை. அந்தக் கூட்டத்தில் அந்த ஒரு தாளையும் கொடுத்துவிடலாம், செவிலியரும் இருப்பார். ஆனால் ஒரு பெற்றோர் எழுந்து ‘பெண்குறி என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்’ என்று சொன்னால், எடுக்க மாட்டோம்.

வேப்பமரத்தடி

எடுக்க வேண்டாம். ஒன்பதாம் வகுப்புக் கருத்தடைப் பாடத்துக்கு விலக்கு வேண்டும் என்பதை மட்டும் நான் விடவில்லை.