ஓக்லஹோமா தண்டருக்கு 2025 கோப்பை முதலாவதா, இரண்டாவதா?

புதுப்பந்து:
வணக்கம். என்.பி.ஏ. (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) பார்க்க ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. 2025ல் இந்தியானாவை இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டத்தில் தண்டர் ஜெயித்ததும் "முதல் கோப்பை" என்று கொண்டாடினார்கள். பட்டியலைப் பார்த்தால் அவர்கள் பெயரில் 1979 என்று இன்னொன்றும் இருக்கிறது. அணி ஓக்லஹோமாவுக்கு வந்ததே 2008ல்தானே? ஆபீஸ் வினாடி வினாவுக்குக் கேள்வி எழுதுவது நான். எந்த விடையை வைக்கட்டும்?

ரெட்மண்ட்வாசி:
லீக் கணக்குப்படி இரண்டு. ஆனால் அதை சியாட்டிலில் சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள்.

1979 கோப்பையை ஜெயித்தது சியாட்டில் சூப்பர்சானிக்ஸ். அதற்கு முந்தைய சீசனின் தொடக்கத்தில் 22 ஆட்டத்தில் 5 மட்டுமே ஜெயித்திருந்த அணி அது. அப்புறம் லென்னி வில்கன்ஸ் பயிற்சியாளராக வந்து அதே சீசனில் இறுதிப் போட்டி வரை இழுத்துக்கொண்டு போனார். புல்லட்ஸிடம் ஏழாவது ஆட்டத்தில் தோல்வி. அன்று டென்னிஸ் ஜான்சன் 14 முறை எறிந்தும் ஒன்றுகூடக் கூடையில் விழவில்லை. மறுவருடம் அதே புல்லட்ஸை 4-1 என்று அடித்தார்கள், இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் அதே ஜான்சன். இந்தக் கதையில் ஓக்லஹோமா எங்கே வருகிறது, சொல்லுங்கள்?

2006ல் ஸ்டார்பக்ஸ் காபிக்கடை ஹோவர்ட் ஷுல்ட்ஸ் 35 கோடி டாலருக்கு அணியை ஓக்லஹோமா முதலாளிகளுக்கு விற்றார். (எங்கள் வீட்டில் இன்றுவரை ஃபில்டர் காபிதான்.) மறுவருடமே அந்த முதலாளிகளில் ஒருவர், சியாட்டிலில் வைத்திருக்கவா வாங்கினோம் என்கிற தொனியில் பத்திரிகையில் பேசிவிட்டார். லீக் இரண்டரை லட்சம் டாலர் அபராதம் போட்டது. அதனால் என்ன, 2008 ஜூலையில் நகரத்துக்கு 4.5 கோடி டாலர் கொடுத்து அரங்கக் குத்தகையை முறித்துக்கொண்டு ஓக்லஹோமாவுக்குப் போய்விட்டார்கள். அங்கே தண்டர் ஆனது இந்த அணிதான். பெயரும் நிறமும் சியாட்டிலுக்கு, வரலாறு இருவருக்கும் பொது என்று ஒப்பந்தம். உங்கள் குழப்பம் அங்கேதான் பிறந்தது.

அந்த ஏப்ரல் 13ஆம் தேதி சியாட்டிலின் கீஅரீனா அரங்கில் நடந்த கடைசி ஆட்டத்துக்குப் போயிருந்தேன். டல்லாஸை ஜெயித்தோம். சீசன் முழுக்க 20 வெற்றிதான், ஆனாலும் "சேவ் அவர் சானிக்ஸ்" கோஷத்தில் காது அடைத்துப்போனது. பின்னாளில் பெரிய நட்சத்திரமான கெவின் டுரான்ட் அப்போது முதல் வருடப் பையனாக ஆடிக்கொண்டிருந்தார். அவரையும் சேர்த்துத்தான் கொண்டுபோனார்கள். அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

மூன்றாம்வரிசை:
அண்ணா சொல்வது நியாயம்தான். ஆனால் இப்போது லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் லேக்கர்ஸும் முன்பு மினியாபொலிஸில் ஜெயித்த ஐந்தைச் சேர்த்துத்தானே எண்ணுகிறார்கள்? அணி போனால் வரலாறும் கூடவே போகும்.

ரெட்மண்ட்வாசி:
எப்போதும் இல்லை தம்பி. சார்லட்டிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்குப் போயிருந்த ஹார்னெட்ஸ் பெயர் 2014ல் சார்லட்டுக்கே திரும்பியபோது, 1988லிருந்து 2002 வரையிலான பழைய கணக்கையும் நியூ ஆர்லியன்ஸ் விட்டுக்கொடுத்தது. மனசு இருந்தால் செய்யலாம்.

புதுப்பந்து:
சரி, வம்பே வேண்டாம். "1979 என்.பி.ஏ. கோப்பையை வென்றது எந்த ஊர் அணி?" என்று மாற்றிவிட்டேன்.

மூன்றாம்வரிசை:
யாராவது வாஷிங்டன் என்று எழுதினால் மதிப்பெண் உண்டா? சியாட்டில் இருப்பது வாஷிங்டன் மாநிலம், தோற்ற புல்லட்ஸும் வாஷிங்டன்.