பங்குனிப் பண்டிகைக்கு முன் ஒரு வேண்டுகோள்: கரகம் வரும் நேரமும் கூட்ட நெரிசலும்

ஊர்ச் சங்கத்துப் பெரியவர்களுக்கும் அண்ணன், அக்காமார்களுக்கும் வணக்கம்.

கரூர் வேலுச்சாமிபுரத்தில் 2025 செப்டம்பர் 27 அன்று நடிகர் விஜய்யின் கட்சிக் கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 41 பேர் இறந்தார்கள். யார் மேல் தப்பு என்பது சிபிஐ விசாரணைக்குப் போயிருக்கிறது, அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. சிங்கப்பூர், துபாய், பெங்களூரு, ஓசூர் என்று சிதறிக் கிடக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளில் செவிலியர்கள் உண்டு. தீப்பாதுகாப்பு வேலையிலும், விளையாட்டு அரங்குகளில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் வேலையிலும் இருப்பவர்கள் உண்டு. எல்லோருமாகப் பேசியதில் ஒன்றுதான் மனதை அறுக்கிறது: கரூரில் அன்று இரவு இருந்த அமைப்பு, கரகம் கோயிலுக்கு வரும் நேரத்தில் நம் ஊரிலும் அப்படியே இருக்கிறது.

அங்கே விஜய் பகல் 12 மணிக்கு வருவார் என்று செய்தி பரவி, காலையிலிருந்தே ஜனம் வெயிலில் நின்றது. பேச்சு தொடங்கியபோது இரவு 7 மணிக்கு மேல். 10,000 பேருக்குக் கேட்ட அனுமதிக்கு 27,000 பேர் வரை வந்தார்கள் என்று காவல்துறை சொன்னது. காத்திருந்த கூட்டம் ஒன்று, வண்டியோடு கூடவே வந்த கூட்டம் இன்னொன்று. இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தன. நம் பண்டிகையில் கரகம் சாயங்காலம் 6 மணி என்பார்கள், கோயில் வாசலுக்கு வர 10 மணி ஆகும். மாவிளக்குத் தட்டோடு பெண்களும் குழந்தைகளும் அதுவரை வாசலிலேயே நிற்பார்கள். பம்பையும் ஆட்டமுமாகக் கரகத்தோடு வரும் கூட்டம் அவர்கள் முதுகில்தான் வந்து முட்டும்.

நெரிசலில் இறப்பவர்களில் பெரும்பாலோர் மிதிபட்டு இறப்பதில்லை. நின்ற நிலையிலேயே மூச்சுவிட முடியாமல் இறக்கிறார்கள். முன்னும் பின்னும் அழுத்தம் ஏறும்போது நெஞ்சுக்கூடு விரிய இடம் கிடைப்பதில்லை. குழந்தைகளுக்கும் உயரம் குறைந்த பெண்களுக்கும் மற்றவர்களின் முழங்கை, இடுப்பு அளவில் முகம் இருப்பதால் ஆபத்து இன்னும் சீக்கிரம். "ஜனம் பயந்து ஓடியதால் வந்த வினை" என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறார்கள். அது செத்தவர்கள் மேலேயே பழியைப் போடுவது. முதலில் இடம் தீர்ந்துபோகிறது, பயம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

கணக்கு இதுதான். ஒரு சதுர மீட்டர் என்பது மூன்றேகால் அடிக்கு மூன்றேகால் அடி. அதில் 2 பேர் நின்றால் நடக்கலாம். 4 பேர் என்றால் தோள் உரசும், ஆனாலும் திரும்பலாம். 5ஐத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. 6, 7 ஆகிவிட்டால் யாரும் தன் இஷ்டத்துக்கு நிற்க முடியாது. பின்னால் ஒருவர் எடுத்துவைக்கும் ஓர் அடி பத்து ஆள் தாண்டி முன்னால் அலையாக வந்து இடிக்கும். ஒருவர் விழுந்தால் அந்தப் பள்ளத்தில் அடுத்தவர் விழுவார், மேலே மேலே சரிவார்கள்.

இதை மொட்டை மாடியிலிருந்து கணக்கிட முடியும். கோயில் வாசலில் 10 அடிக்கு 10 அடிச் சதுரம் ஒன்றை அளக்க வேண்டும். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டால் கூட்டம் வந்ததும் மறைந்துவிடும், அதனால் நான்கு மூலையிலும் கம்பம் நட்டு ஏழடி உயரத்தில் சிவப்புத் துணி கட்டுங்கள். அதற்குள் 20 தலை இருந்தால் கவலையில்லை. 35 ஆனால் உள்ளே விடுவதை நிறுத்த வேண்டும். 45 ஆனால் பின்பக்கத்தைக் கலைக்க வேண்டும்.

வெளியேறும் வழிக்கும் கணக்கு உண்டு. சமதரையில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்தில் அதிகபட்சம் 82 பேர் போகலாம் என்பது பிரிட்டனில் விளையாட்டு அரங்குகளுக்குப் பயன்படும் அளவு. 18 அடித் தெருவில் இரண்டு பக்கமும் வளையல் கடை, பொரி கடை நான்கு நான்கு அடி எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது 10 அடி, அதாவது 3 மீட்டர். நிமிடத்துக்கு 246 பேர். 6,000 பேர் வெளியேற 25 நிமிடம் ஆகும், அதுவும் எதிரே ஒருவரும் வராமல் இருந்தால். எதிரும் புதிருமாக வந்தால் இந்தக் கணக்கு செல்லாது. ஆகவே கோயில் தெருவில் நுழைவது மட்டும், பின்தெருவில் வெளியேறுவது மட்டும் என்று வைக்க வேண்டும். வெளியேறும் தெருவில் கடை, ராட்டினம், இருசக்கர வண்டி எதுவும் கூடாது. எந்தத் தெருவை எடுத்தாலும் அதன் மிகக் குறுகலான இடத்தின் அகலம்தான் கணக்கு. மந்தையில் எவ்வளவு அகலம் இருந்தாலும் பிரயோசனமில்லை.

கரகத்துக்கு எங்கள் யோசனை: கோயிலுக்கு 200 மீட்டர் முன்பே ஓர் இடத்தில் கரகம் நிற்கட்டும். மாடியில் இருப்பவர் சதுரத்தைப் பார்த்து "சரி" என்று சொன்ன பிறகே நகரட்டும். கூட ஆடிவரும் பிள்ளைகள் அங்கேயே நின்றுவிட வேண்டும். கரகம், பூசாரி, பம்பைக்காரர்கள், முறைக்காரர்கள் மட்டும் வாசலுக்குப் போகலாம். மணி 9 ஆகியும் கரகம் கிளம்பவில்லை என்றால் அதை மைக்கில் சொல்லி, கைக்குழந்தை வைத்திருப்பவர்களை வீட்டுக்குப் போய்விட்டு வரச் சொல்ல வேண்டும். எப்போது வரும் என்று தெரியாததால்தான் ஜனம் இடத்தை விடாமல் நிற்கிறது.

நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறோம். 2022 அக்டோபர் 29 அன்று சியோலின் இதேவோனில், 3.2 மீட்டர் வரைக்கும் குறுகிய ஒரு சந்தில் நெரிசல் ஏற்பட்டு 159 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் எங்கள் வயதுக்காரர்கள். அன்று மாலை 6:34க்கே "நசுங்கிச் சாகப்போகிறார்கள்" என்ற பொருளில் காவல்துறைக்கு முதல் அழைப்பு போயிருக்கிறது. அது விபத்துக்கு மூன்றரை மணி நேரத்துக்கு முன்னால். எச்சரிக்கை வந்தும் நிறுத்த ஆளில்லை. நம் ஊரில் அந்த ஆள் தர்மகர்த்தாவாக இருக்கக்கூடாது, அவருக்குப் பூசை வேலை இருக்கும். எல்லோரும் பேச்சுக் கேட்கும் ஒருவர் வேண்டும். அவர் கையில் மைக் இணைப்பும் இருக்க வேண்டும், பம்பையையும் பாட்டையும் அந்த நொடியே நிறுத்துவதற்காக. கூட்டத்தில் செல்போன் சிக்னல் கிடைக்காது என்பதால் வாக்கிடாக்கி ஆறு தேவை, தொண்டர் ஒவ்வொருவருக்கும் விசில் ஒன்று.

மைக்கில் சொல்வதிலும் முறை இருக்கிறது. முன்னால் நிற்பவர்களைப் பார்த்து "தள்ளிப் போங்க" என்றால் அவர்கள் எங்கே போவார்கள்? கடைசி வரிசையிடம்தான் பேச வேண்டும்: "கடைசியில நிக்கறவங்க பத்தடி பின்னால போங்க." அதற்கு ஒலிபெருக்கி ஒன்று கூட்டத்தின் வால் பக்கத்தில் கட்டியிருக்க வேண்டும். எல்லாக் குழாயையும் கோயில் கோபுரத்தில் கட்டினால் பின்னால் நிற்பவருக்கு வெறும் இரைச்சல்தான் கேட்கும்.

அடுத்து எருது விடும் விழா. மாட்டுக்காகக் கட்டும் சவுக்குத் தடுப்பு மனிதனைப் பூட்டிவைக்கிறது. தெருவின் இரண்டு பக்கமும் சவுக்குக் கம்பைக் குறுக்கே வைத்து இடைவெளியில்லாமல் கட்டுகிறோம். பின்னால் வீட்டுச் சுவர். நடுவில் மூன்றடிப் பட்டையில் ஜனம். மாடு தடுப்பை முட்டினால் முன்னால் நிற்பவர் பின்வாங்குவார், பின்னால் நிற்பவர் எட்டிப் பார்க்க முன்னால் சாய்வார். 1989இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ அரங்கில் 97 பேர் உயிரைக் குடித்தது இப்படி ஒரு கம்பி வேலிதான். மைதானத்துக்குள் யாரும் இறங்கக்கூடாது என்று போட்டது, நெரிசலில் யாரும் தப்ப முடியாமல் செய்தது. ஆகவே ஓட்டம் முடியும் பக்கம் தவிர மற்ற இடங்களில், 50 அடிக்கு ஒரு முறை தடுப்பின் வெளிப்பக்கம், சந்துக்கு நேராக, நான்கடி வழி விட வேண்டும். மாடு ஓடும் பக்கத் தடுப்பில் அதற்கு நேராக உள்ள கம்பை ஆணி அடிக்காமல் கயிற்றில், ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். கயிறு நைலான் வேண்டாம், இறுகிவிடும். தேங்காய்நார்க் கயிறு போதும், பக்கத்தில் ஒரு தொண்டர் அரிவாளோடு இருக்கட்டும். சுவர் ஓரமாக வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்தே வைத்திருந்தால் அதைவிட நல்லது.

இலவசம் எதையும் வண்டியிலிருந்து வீசக்கூடாது. டீ-சர்ட், தண்ணீர் பாட்டில், பொட்டலம் எதுவாக இருந்தாலும் சரி. பக்கத்து வாணியம்பாடியில் 2023 பிப்ரவரி 4 அன்று இலவச வேட்டி சேலை டோக்கனுக்குக் காத்திருந்த நான்கு பெண்கள் இறந்தார்கள். சென்னை எம்ஜிஆர் நகரில் 2005 டிசம்பரில் வெள்ள நிவாரண டோக்கனுக்கு 42 பேர். சேலையை முதல் நாளே வீடு வீடாகக் கொடுத்துவிடலாம்.

கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டியது, வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்: கையை முகத்துக்குத் தூக்க முடியாத அளவு நெருக்கம் வந்தால் அப்போதே வெளியேறும் நேரம். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் மடித்து மூச்சுக்கு இடம் பிடிக்க வேண்டும். அலையை எதிர்த்துத் தள்ளக்கூடாது. அது தணியும் நொடியில் சாய்வாக ஓரத்துக்கு ஓர் அடி, மறுபடி ஓர் அடி. செருப்பு கழன்றாலும் செல்போன் விழுந்தாலும் குனியக்கூடாது. குழந்தை தோள் மேல்.

மயங்கியவரை வெளியே எடுத்ததும் வாயில் தண்ணீர் ஊற்றுவார்கள். ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் போகும். மூச்சு இல்லையென்றால் உடனே நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளால் 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். 30 அழுத்தத்துக்கு 2 முறை வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். மூச்சு அடைத்து நின்ற இதயம் என்பதால் இங்கே ஊதுவது முக்கியம். மூளை நான்கைந்து நிமிடத்துக்கு மேல் தாங்காது, தருமபுரி மருத்துவமனை வரை காத்திருக்க முடியாது. பண்டிகைக்கு முன் இதை 20 பேருக்கு நேரில் கற்றுக்கொடுக்க நம் செவிலியர் அக்காமார்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். 108 வண்டிக்கு 12 அடி அகலத்தில் ஒரு தெரு முழுதாகக் காலியாக இருக்க வேண்டும், பந்தல் கால்கூட நடக்கூடாது.

ஜெனரேட்டர் இரண்டு, ஒன்று விளக்குக்கு மட்டும். சாக்கடை மூடிகளைக் கரகம் வருவதற்குள் சரிபார்க்க வேண்டும், உடைந்த ஒரு பலகைக்கல்லில் கால் மாட்டினால் போதும்.

சங்கத்திடம் கேட்பது: இந்த வருடம் இன்னிசைக் கச்சேரிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்கு மாற்றுங்கள். ஊரில் இருக்கும் அண்ணன்மார்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. டேப் எடுத்துக்கொண்டு கோயில் தெரு, பின்தெரு, மந்தைக்குப் போகும் சந்து மூன்றிலும் மிகக் குறுகலான இடத்தின் அகலம், கோயில் வாசலின் நீள அகலம், உடைந்த சாக்கடை மூடிகள் எத்தனை, எந்த மாடியிலிருந்து வாசல் முழுதாகத் தெரிகிறது, இவ்வளவையும் அளந்து வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புங்கள். வரைபடத்தை நாங்கள் போட்டுத் தருகிறோம். காவல் நிலையத்தில் அனுமதி மனு கொடுக்கும்போது அதையும் சேர்த்தே கொடுக்கலாம்.

இப்படிக்கு,
இளையவர்கள்