மறு: மெட்டாஸ்டாசிஸ் – 'பரவல்' வேண்டாம், 'சேய்ப்புற்று' என்போமா?

வணக்கம்.

மெட்டாஸ்டாசிஸுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த மடல் இழை மூன்று நாளாக நீண்டுகொண்டே போகிறது. வந்த மடல்களையெல்லாம் அச்சிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். புற்றுநோயாளிகளின் வீட்டாருக்காக நான் மொழிபெயர்த்துவரும் சிறு கையேட்டில் மற்றச் சொற்கள் எல்லாம் ஒருவழியாக அமைந்துவிட்டன. மெட்டாஸ்டாசிஸ், அதாவது புற்று தொடங்கிய உறுப்பிலிருந்து வேறோர் உறுப்புக்குப் போய் வளர்வது, அது ஒன்றுதான் இன்னும் பிடிகொடுக்கவில்லை.

> 'பரவல்' போதுமே. டாக்டர்களும் 'பரவியிருக்கு' என்றுதான் சொல்கிறார்கள். மக்களுக்குப் புரிந்த சொல்லை விட்டுப் புதிதாக எதற்கு?

போதாது என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் என் சித்தி. மார்பகப் புற்றுக்கு அறுவை முடிந்து நான்கு வருடம் கழித்து அவருக்கு விடாத இருமல் வந்தது. ஸ்கேன் பார்த்த மருத்துவர் வெளியே வந்து, "லங்ஸுக்குப் பரவியிருக்கு" என்றார். அவர் சொன்னதில் பிழை ஏதும் இல்லை. அந்தச் சொல் வீடு வந்து சேர்வதற்குள் வேறு பொருளாகிவிட்டது. அம்மை பரவும், காய்ச்சல் பரவும், கொரோனா பரவியது. நம் காதுக்குப் பரவுவது என்றாலே ஆளிடமிருந்து ஆளுக்கு. மறுநாள் காலை சித்தியின் எவர்சில்வர் டம்ளர் மட்டும் சமையலறை அடுக்கிலிருந்து கொல்லைப்புற ஜன்னல் திட்டுக்குப் போயிருந்தது. கல்யாணச் சீரில் வந்த டம்ளர், விளிம்புக்குக் கீழே அவர் பெயர் பொறித்திருக்கும். எடுத்து வைத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. சித்தியும் கேட்கவில்லை. காப்பி குடித்து முடித்ததும் தானே கழுவி, அதே திட்டில் கவிழ்த்து வைத்தார். மடியில் ஏறப் போன பேத்தியை, "இங்க வா, பாட்டிக்கு உடம்பு சரியில்ல" என்று உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

டம்ளரிலும் மடியிலும் தொற்றுகிற நோயில்லை இது என்று புரியவைக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. புள்ளியியலார் 'பரவல்' என்ற சொல்லை ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தீர்கள். அதுவும் சரிதான், ஆனால் எனக்கு அது இரண்டாம்பட்சம். அந்த டம்ளரை இன்னொரு வீட்டில் திட்டுக்கு அனுப்பும் சொல்லைக் கையேட்டில் போட எனக்கு மனம் வரவில்லை.

அதே சொல் இன்னொரு குழப்பத்தையும் செய்தது. "மார்புல இருந்தது போயிருச்சு, இப்ப நுரையீரல் புற்றுநோய் புதுசா வந்திருக்கு" என்று உறவினர் பேசிக்கொண்டார்கள். நுரையீரல் மருத்துவர் யார் நல்லவர் என்று விசாரிக்கவும் தொடங்கினார்கள். இந்த நோயைப் பற்றி வீட்டார் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதே இங்கேதான் இருக்கிறது. மார்பகப் புற்று நுரையீரலுக்குப் போனால் அது நுரையீரல் புற்று ஆகிவிடுவதில்லை. அங்கிருந்து சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் தெரிவது மார்பகத்தில் பிறந்த புற்றுச் செல்தான். பெயரும் மார்பகப் புற்றுதான், மருந்தும் பெரும்பாலும் அதற்குரிய மருந்துதான். ஊர் மாறினாலும் அதன் குலம் மாறுவதில்லை. நாம் ஆக்கும் சொல் இதைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மறைக்காமலாவது இருக்க வேண்டும்.

> இணையத்தில் 'மாற்றிடம் புகல்' ஏற்கெனவே புழங்குகிறது. கிரேக்க மூலத்துக்கும் நெருக்கம்.

ஆக்கியவர் யாரானாலும் கைகூப்புகிறேன். நோயின் போக்கை அறிந்தவர் செய்த சொல். கிரேக்கத்தில் மெட்டா, ஸ்டாசிஸ் இரண்டும் சேர்ந்து 'நிலை மாறுதல்' என்று பொருள்படும். அதைப் புற்றுநோய்க்கு 1829-ல் கையாண்டவர் பிரெஞ்சு மருத்துவர் ரெக்காமியே. ஆனால் 'மாற்றிடம் புகல்' செயலை மட்டும் குறிக்கிறது. ஸ்கேன் அறிக்கை கேட்பது எண்ணக்கூடிய பெயர்ச்சொல்லை: கல்லீரலில் மூன்று, எலும்பில் இரண்டு. 'மூன்று மாற்றிடம் புகல்கள்' என்று எழுதிப் பாருங்கள், வாய் ஒத்துழைக்காது. மருத்துவமனைக்குள் 'செகண்டரீஸ்' (இரண்டாவதாகத் தோன்றிய கட்டிகள்) என்ற சொல் ஏன் இவ்வளவு ஓடுகிறது? எண்ண முடிகிறது, அதனால்தான்.

'இடம்பெயர்வு', 'குடியேற்றம்' இரண்டையும் யாழ்ப்பாணத்து நண்பர் மறுத்திருந்தார். "இடம்பெயர்ந்தது நாங்கள். குடியேற்றம் என்பது எங்கள் காணியில் நடந்தது. இரண்டையும் நோய்க்கு வைக்காதீர்கள்" என்று எழுதியிருந்தார். படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஐயா, உங்கள் சொற்களை எடுக்க மாட்டோம். பொருளாலும் அவை பொருந்தவில்லை: இடம்பெயர்ந்தால் பழைய இடம் காலியாகும். புற்றோ இருந்த இடத்திலும் இருக்கும், போன இடத்திலும் இருக்கும்.

இனி என் முன்மொழிவு. இந்த நோய்க்குக் கிரேக்கர் நண்டின் பெயரை வைத்தார்கள், நாம் புற்றின் பெயரை வைத்திருக்கிறோம். கறையான் புற்று ஊர் மாறுவது எப்படி என்று நம்மில் பலர் கண்ணால் பார்த்திருக்கிறோம். மழை விட்ட மாலையில் புற்றின் வாயிலிருந்து ஈசல் புறப்படும், விளக்கைச் சுற்றிக் கொட்டும். காக்கையும் பல்லியும் தவளையும் தின்றது போக, காலையில் வாசலெல்லாம் வெறும் இறகாகக் கிடக்கும். தப்பிப் பிழைப்பது எங்கோ ஓரிணை. அதற்கும் ஈரமண் வாய்க்க வேண்டும். வாய்த்தால் உள்ளே இறங்கிப் புதுப் புற்று எடுக்கும். பழைய புற்று அங்கேயேதான் இருக்கும். புதுப் புற்றில் இருப்பதும் அதே இனக் கறையான்தான்.

உடலுக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட இதுவே. புற்றுச் செல்களில் சில, அண்டைச் செல்லோடு ஒட்டவைக்கும் ஈ-கேடெரின் போன்ற புரதங்களை இழந்து பிடி தளர்கின்றன. நொதிகளைச் சுரந்து, செல் அடுக்குக்குக் கீழே இருக்கும் அடித்தளச் சவ்வை அரித்து, இரத்த நாளத்திலோ நிணநீர்க் குழாயிலோ இறங்குகின்றன. அங்கே குருதியோட்டத்தின் விசையில் சிதைபவை பல, நோயெதிர்ப்புச் செல்களுக்கு இரையாகுபவை பல. இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைப் போர்த்திக்கொண்டு சில தப்பும். தந்துகி என்னும் மிக நுண்ணிய இரத்தக் குழாயில் சிக்கி நின்று, சுவர் வழியே வெளியேறி, புது உறுப்பில் இறங்கிய பிறகும் பெரும்பாலானவை மடியும் அல்லது உறங்கிக் கிடக்கும். அந்த உறக்கம் ஆண்டுக்கணக்கில் நீளலாம். சித்திக்கு நான்கு வருடம் கழித்து இருமல் வந்தது என்றேனே, அது எப்படி என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. கதிரியக்கக் குறியிட்ட புற்றுச் செல்களை எலிகளின் இரத்தத்தில் செலுத்தி ஐசையா ஃபிட்லர் 1970-ல் எண்ணிப் பார்த்தார். புதுக் கட்டியாக வளர்ந்தவை பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஈசல் கணக்கேதான்.

'ஈரமண் வாய்த்தால்' என்பதற்கும் சான்று உண்டு. லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீஃபன் பேஜட் 1889-ல், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிணக்கூறாய்வுப் பதிவுகளைப் புரட்டினார். கல்லீரலில் 241 பேருக்கு நோய் இருந்தது, மண்ணீரலில் 17 பேருக்கு மட்டும். இரண்டு உறுப்புக்கும் இரத்தம் தாராளமாகப் போகிறது. ஓட்டம் மட்டும் காரணம் என்றால் இவ்வளவு வேறுபாடு வராது. விதை எங்கும் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார் அவர். ஓட்டத்துக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பெருங்குடலின் இரத்தம் போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. குடல் புற்று அங்கே முதலில் இறங்குவது அதனால்தான்.

ஆகவே, 'சேய்ப்புற்று'. சேய் என்றால் பிள்ளை, எனவே குலம் மாறவில்லை. சேய் என்றால் தொலைவும்தான், சேய்மை என்கிறோமே அது. ஒரே அசையில் இரண்டு பொருளும் இருக்கின்றன, இரண்டும் நமக்கு வேண்டியவை. இதுபோல் ஒன்று தானாக வந்து வாய்ப்பது அபூர்வம். வினைக்குப் 'புற்றெடுத்தல்' கைவசம் இருக்கிறது. கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்று பழமொழியே உண்டு.

அறிக்கை மொழியில்: கல்லீரலில் மூன்று சேய்ப்புற்றுகள் உள்ளன.
வீட்டாரிடம்: அம்மாவுக்கு இருப்பது மார்பகப் புற்றுதான், நுரையீரலில் சேய்ப்புற்று எடுத்திருக்கிறது.
நிகழ்வின் பெயர்: சேய்ப்புற்றெடுப்பு.

> தொடங்கிய இடத்தை 'தாய்ப்புற்று' என்பீர்களா? வார்டில் பால்கொடுக்கும் வயதுப் பெண்கள் இருக்கிறார்கள். மார்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பவளிடம் தாய், சேய் என்று நோயைப் பேச என் நாவு எழாது.

செவிலியர் அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் 'தாய்ப்புற்றை' அடித்துவிட்டேன். நான் மேசையில் உட்கார்ந்து பார்த்த அழகு, வார்டில் நின்று பார்த்தால் வலிதான். தொடங்கிய இடத்துக்கு 'முதற்புற்று' போதும். ('மூலப்புற்று' வேண்டாம். மூலம் என்றதும் நம் ஊரில் வேறு நோய்தான் நினைவுக்கு வரும்.) 'சேய்' மட்டும் இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தாய் பக்கத்தில் இல்லாதபோது அது தொலைவு என்ற பொருளிலேயே நிற்கும் என்று நம்புகிறேன். அப்போதும் உங்கள் நாவில் இடறினால் சொல்லுங்கள், சொல்லையே மாற்றுவோம். இதை நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்லப் போகிறவர் நீங்கள்.

பாடநூலில் 'சேய் செல்' (ஒரு செல் பிரிந்து உண்டாகும் செல்) இருக்கிறதே, குழம்பாதா என்றார் ஆசிரியர் ஒருவர். அங்கே சேய் செல்லோடு ஒட்டி வருகிறது, இங்கே புற்றோடு. இரண்டுமே வழித்தோன்றலைத்தான் சொல்கின்றன. இடையூறு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மருத்துவர் ஐயா கேட்டதற்குத்தான் என்னிடம் முழு விடை இல்லை. அக்குளில் நெறிகட்டியதையும் சேய்ப்புற்று என்பதா என்று கேட்டிருந்தார். நோயின் கட்டத்தை வகுக்கும் டி-என்-எம் முறையில் பக்கத்து நிணநீர்க் கணுவுக்கு 'என்', தொலை உறுப்புக்கு 'எம்' என்று தனித்தனி எழுத்து இருக்கிறது. அக்குளில் மட்டும் இருந்தால், தொலை உறுப்புக்குப் போய்விட்ட நான்காம் கட்டம் ஆகாது. இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால், அக்குளோடு நின்ற நோயைக் கேட்டும் வீட்டார் மனம் உடைந்துபோவார்கள். சேய்மை என்ற பொருளை வைத்துச் 'சேய்ப்புற்று' தொலை உறுப்புக்கு மட்டும் என்று வரையறுக்கலாம் என்பது என் எண்ணம். அக்குளுக்கு இப்போதைக்குக் 'கணுவில் ஏறிய புற்று' என்று விளக்கமாகவே எழுதி வைத்திருக்கிறேன். 'கணுப்புற்று' என்று சுருக்கினால், நிணநீர்க் கணுவிலேயே தொடங்கும் லிம்போமாவோடு மோதும்.

கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அக்குள் கணு வரும் அந்த ஓர் இடத்துக்கு மட்டும் வியாழன் மாலைக்குள் யாராவது ஒரு சொல் தாருங்கள்.

அன்புடன்.