பேஸ்பால்ல 162 மேட்ச் ஆடியும் கடைசியில லக்கு தானா?

வேளச்சேரி_வாசி:
வணக்கம் மக்களே. டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோல இருக்கற சித்தி பையன் புண்ணியத்துல ப்ளூ ஜேஸ் டீமை ஃபாலோ பண்ண ஆரம்பிச்சேன், இப்ப விடவும் முடியல. 2024 சீசன்ல 162 மேட்ச்ல 74 தான் ஜெயிச்சாங்க, டிவிஷன்ல, அதாவது அவங்க குரூப்ல, கடைசி. 2025-ல 94 ஜெயிச்சு முதலிடம், அதுவும் அதே குரூப்ல இருக்கற நியூயார்க் யாங்கீஸும் 94, நேருக்கு நேர் ஆடினதுல இவங்க கூட ஜெயிச்சிருந்ததால தப்பிச்சாங்க. சரி அதை விடுங்க, வேர்ல்ட் சீரிஸ், அதான் ஏழு மேட்ச் வரை போற ஃபைனல், அதுல ஆறாவது மேட்ச், நம்மூருக்கு நவம்பர் 1 காலங்காத்தால, வீட்ல எல்லாரும் தூங்கறாங்க, நான் சவுண்ட மியூட்ல போட்டு உக்காந்திருக்கேன். கடைசி இன்னிங்ஸ், எதிர் டீம் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 3-1 முன்னாடி. ப்ளூ ஜேஸ் பேட்டர் பார்ஜர் அடிச்ச பந்து நேரா போய் சுவத்தோட அடியில, அந்த பேடுக்கும் தரைக்கும் நடுவுல சொருகிக்கிச்சு. அப்படியே மாட்டிக்கிச்சு பா! ஃபீல்டர் கைய தூக்கிட்டான், அம்பயர் டெட் பால், ஆட்டம் அங்கயே நிக்குதுன்னுட்டாங்க, ஓடிட்டிருந்த ரன்னரை மூணாவது பேஸ்லயே நிறுத்திட்டாங்க. பந்து துள்ளி வெளிய வந்திருந்தா அந்த ரன் ஈஸியா வந்திருக்கும். அப்புறம் ஒரு பாப் அவுட் (மேல தூக்கி அடிச்சு கேட்ச்), அடுத்தது லைனா அடிச்சத டாட்ஜர்ஸ் ஃபீல்டர் ஹெர்னாண்டஸ் ஓடி வந்து பிடிச்சு செகண்ட் பேஸுக்கு எறிஞ்சு டபுள் ப்ளே, ஒரே பந்துல ரெண்டு அவுட், மேட்ச் ஓவர். ஏழாவது மேட்சும் 9 இன்னிங்ஸ்ல முடியாம 11 இன்னிங்ஸ் போயி 5-4-ல போச்சு. ஆறு மாசம் ஆடி ஆடி கடைசியில ஒரு பந்து எங்க மாட்டுதுங்கறதுல தான் முடிவாகுமா? அப்ப எதுக்கு 162 மேட்ச்?

கணக்கு_வாத்தி:
நியாயமான கேள்வி தான். முதல்ல ஒரு கணக்கு. ரெண்டு டீமும் சரிசமம், காசு சுண்டி பூவா தலையா பாக்கற மாதிரி தான் ரிசல்ட் வருதுன்னு வெச்சுக்கோங்க. 162 தடவை சுண்டினா சராசரி 81, ஆனா ஆறு மேட்ச் இப்படி அப்படி போறது ரொம்ப சாதாரணம். அதாவது திறமையில துளி மாற்றம் இல்லாமலே ஒரு டீம் 75-லயும் முடிக்கலாம், 87-லயும் முடிக்கலாம். 87-னா பல வருஷம் ப்ளேஆஃப் வாசல்ல நிக்கலாம், 75-னா கோச் வேலை ஆட்டம் காணும். இதே கணக்க ஐபிஎல்ல போட்டு பாருங்க, லீக்ல 14 மேட்ச் தான், ரெண்டு மேட்ச் இப்படி அப்படி. 5 ஜெயிச்சா அடிமட்டம், 9 ஜெயிச்சா ப்ளேஆஃப். அந்த விதத்துல பேஸ்பால் எவ்வளவோ நேர்மை. சிக்கல் என்னன்னா 162-ல கஷ்டப்பட்டு வடிகட்டினத எல்லாம் அக்டோபர் ப்ளேஆஃப்ல கொட்டி கவுத்துடறாங்க, முதல் ரவுண்டு மூணு மேட்ச், அடுத்தது அஞ்சு, அப்புறம் ஏழு ஏழு. அதுக்குள்ள என்ன வேணா நடக்கும்.

மெரினா_மச்சான்:
லக்கு லக்குனு சொல்றது தோத்தவன் பேச்சு தல. டாட்ஜர்ஸ் 2024-லயும் தூக்கினான் 2025-லயும் தூக்கினான், ஓட்டானி மாதிரி ஸ்டார் இருக்கான், காச கொட்டி டீம் எடுத்திருக்கான், ரெண்டு வருஷமும் லக்கா? அந்த டபுள் ப்ளேவ திரும்ப பாருங்க, ஹெர்னாண்டஸ் பந்து பேட்ல படறதுக்குள்ளயே ஓட ஆரம்பிச்ச மாதிரி இருக்கும். அது பிராக்டிஸ்.

கணக்கு_வாத்தி:
கேட்ச் திறமை தான், நான் மறுக்கல. ஆனா அதே டாட்ஜர்ஸ் 2022-ல 111 ஜெயிச்சுட்டு, 89 ஜெயிச்ச சான் டியாகோ கிட்ட 3-1-னு அடி வாங்கி வீட்டுக்கு போனாங்களே, அந்த வருஷம் காசு இல்லையா? 2001-ல சியாட்டில் 116 ஜெயிச்சும் வேர்ல்ட் சீரிஸ் பக்கமே போகல. 2006-ல செயின்ட் லூயிஸ் வெறும் 83, அவங்க தான் சாம்பியன்.

ஓஎம்ஆர்_நைட்ஷிஃப்ட்:
யுஎஸ் கிளையன்ட் தயவுல பல வருஷமா பாக்கறேன், என் கட்சி நடுவுல. லக்கு எங்க ஒளிஞ்சிருக்குனு பாக்கணும்னா ஒரு ரன் வித்தியாசத்துல முடியற மேட்சுங்கள எடுங்க. 2012-ல பால்டிமோர் அந்த மாதிரி மேட்ச்ல 29 ஜெயிச்சு 9 தான் தோத்தாங்க, மொத்தம் 93 வெற்றி. ஆனா சீசன் முழுக்க அவங்க அடிச்ச ரன்னையும் விட்ட ரன்னையும் கழிச்சா வெறும் 7 தான் மிச்சம்! "நெருக்கடியில ஆடத் தெரிஞ்ச டீம்"னு ஊரே பேசிச்சு. அடுத்த வருஷம் அதே மாதிரி மேட்ச்ல 20 வெற்றி 31 தோல்வி. நெருக்கடி திறமை எங்க போச்சு? போதாததுக்கு 2020-ல இருந்து எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ்ல செகண்ட் பேஸ்ல சும்மாவே ஒரு ரன்னரை நிக்க வெச்சு ஆரம்பிக்கறாங்க (ப்ளேஆஃப்ல மட்டும் கிடையாது), எனக்கு அந்த ரூலே புடிக்கல. ஆள் லெவல்லயும் இதே கூத்து தான், டிகிராம்னு மெட்ஸ் டீம்ல ஒரு பிட்சர் (பந்து போடறவர்), 2018-ல ஈஆர்ஏ (9 இன்னிங்ஸுக்கு சராசரியா அவர் விட்ட ரன்) 1.70, பயங்கரமான சீசன், ஆனா அவர் பேர்ல வந்த கணக்கு 10 வெற்றி 9 தோல்வி. அவர் போடற அன்னிக்கு பாத்து மெட்ஸ் பேட்டிங் படுத்துக்கும், பாவம். நல்லவேளை, ஓட்டு போட்டவங்க அந்த 10-9-ஐ பாக்காம சிறந்த பிட்சருக்கான சை யங் அவார்டை அவருக்கே குடுத்தாங்க.

மெரினா_மச்சான்:
சரி சரி, ஒண்ணு ஒத்துக்கறேன். 2024 மே, பெங்களூர்ல கடைசி ஓவர், தல முதல் பந்தையே ஸ்டேடியத்துக்கு வெளிய அடிச்சாரு, நாம எல்லாம் கத்தினோம், பந்து போயே போச்சு. ஈரப் பந்துக்கு பதிலா காஞ்ச பந்து வந்துச்சு, அடுத்த பந்துலயே தல அவுட், நாம ப்ளேஆஃப் வெளிய. சிக்ஸ் கொஞ்சம் சின்னதா போயிருந்தா... அத இன்னும் ஜீரணிக்க முடியல.

வேளச்சேரி_வாசி:
ஐயோ அத ஏன் பா ஞாபகப்படுத்தற. ஓஎம்ஆர் ப்ரோ சொன்ன மாதிரி இப்ப அந்த வேர்ல்ட் சீரிஸ் ஏழு மேட்ச் ரன்னையும் உக்காந்து கூட்டி பாத்தேன். ப்ளூ ஜேஸ் 34, டாட்ஜர்ஸ் 26. எட்டு ரன் கூட அடிச்சுட்டு கப்பு போச்சு! முதல் மேட்ச்லயே 11-4-னு அடிச்சு வீணாக்கிட்டானுங்க.

ஓஎம்ஆர்_நைட்ஷிஃப்ட்:
அதான் மேட்டர். அடுத்த சீசன் வெற்றி தோல்விய மட்டும் பாக்காதீங்க, டேபிள்ல ஓரமா டிஃப்னு ஒரு காலம் இருக்கும், அடிச்ச ரன்ல விட்ட ரன் கழிச்சது. ஜூன் வாக்குல அது நல்ல ப்ளஸ்ல இருந்தா டீம் நிஜமாவே நல்ல டீம், அதுக்கு மேல அக்டோபர்ல பிள்ளையாருக்கு தேங்கா உடைங்க. சித்தி பையன்கிட்ட இந்த 34-26-ஐ மட்டும் இப்போதைக்கு சொல்லாதீங்க ப்ரோ, புள்ள தாங்காது.