9 வேகச் சைக்கிளில் தேய்ந்த செயினும் கசெட்டும்: மலிவான பாகங்களுக்கு மாறலாமா?

வெள்ளவத்தைவாசி (கேள்வி)

வணக்கம். வெள்ளவத்தையிலிருந்து கோட்டையிலுள்ள அலுவலகத்துக்குக் கரையோர வீதி வழியாக நான் ஓடும் மலைச் சைக்கிளில் ஷிமானோ நிறுவனத்தின் டியோர் தரத்து 9 வேக (பின்னால் 9 பற்சில்லுகள் உள்ள) கியர்த் தொகுதி இருக்கிறது. முன்னால் 44, 32, 22 பற்கள். பின்னால் கசெட்டில், அதாவது பின் பற்சில்லுத் தொகுதியில், 11 முதல் 32 வரை. இரும்பு அடிமட்டத்தால் அளந்தபோது, சரியாக 12 அங்குலம் இருக்கவேண்டிய 24 கண்ணிகள் எட்டில் ஒரு அங்குலம் கூடுதலாக நிற்கின்றன. கடையில் புதிய செயினைப் பொருத்திப் பார்த்தார்கள். 14, 16 பற்களுள்ள சில்லுகளில் அது வழுக்குகிறது. செயின், கசெட், முன் பற்சில்லுகள், டெரெய்லியர் (செயினைச் சில்லுக்குச் சில்லு நகர்த்தும் பாகம்) அனைத்தையும் அதே டியோர் தரத்தில் மாற்றவேண்டும் என்கிறார்கள். 2022 இல் ரூபாய் வீழ்ந்த பின்னர் இறக்குமதிப் பாகங்களின் விலை எங்கே போய் நிற்கிறது என்பது உங்களுக்கும் தெரியும். தரம் இறங்கி, அதே ஷிமானோவின் மலிவான ஆல்டஸ் அல்லது அலிவியோ தரத்தில் வாங்கினால் என்ன இழப்பேன்?

பற்சில்லு

உங்கள் அளவு ஏறத்தாழ 1 சதவீத நீட்சியைக் காட்டுகிறது. 9 வேகச் செயினை 0.75 சதவீதத்துக்குள் மாற்றியிருந்தால் கசெட் பெரும்பாலும் தப்பியிருக்கும்; இனி அது தப்பாது. செயினின் இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. கண்ணிகளைக் கோக்கும் ஊசிகளும் அவை சுழலும் துளைகளும் தேய்வதால், 12.7 மில்லிமீற்றராக இருக்கவேண்டிய இடைவெளி சிறிது சிறிதாகக் கூடுகிறது. அந்தக் கூடிய இடைவெளிக்கு ஏற்ப, அதிகம் பயன்படும் சில்லுகளின் பற்களும் கொக்கிபோல் தேய்ந்துவிடுகின்றன. ஆகவே சரியான அளவுள்ள புதிய செயின் அவற்றில் அமராமல், பாரம் ஏறியதும் பல்லின் மேலேறி வழுக்குகிறது.

தரம் இறங்குவதைப் பொறுத்தவரை தயங்கவேண்டியதில்லை. ஆல்டஸ், அலிவியோ தரத்துக் கசெட்டுகளின் பற்களும் உருக்குத்தான். வேறுபாடு பெரும்பாலும் எடையிலும் பூச்சிலும் இருக்கிறது. உண்மையில், எடையைக் குறைப்பதற்காகப் பெரிய சில்லுகளை அலுமினியத்திலோ டைட்டேனியத்திலோ செய்யும் உயர்தரக் கசெட்டுகளே விரைவில் தேய்கின்றன. செயினிலும் தரத்தைவிட அகலமே முக்கியம்: 9 வேகச் செயின் வெளிப்புறமாக ஏறக்குறைய 6.6 மில்லிமீற்றர், 8 வேகச் செயின் 7 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். மலிவாகக் கிடைக்கிறதே என்று 8 வேகச் செயினை வாங்கினால் அது பக்கத்துச் சில்லில் உரசும்.

முன்னால் எல்லாவற்றையும் மாற்றச் சொல்வது மிகை. மூன்றில் எது சுறாவின் முதுகுச் செட்டைபோல் வளைந்திருக்கிறதோ அதை மட்டும் மாற்றுங்கள். உங்கள் பாதையில் அது 32 ஆகத்தான் இருக்கும். ஆனால், சில்லுகள் ஆணியால் பூட்டப்பட்டுள்ளனவா, ரிவெட் அடிக்கப்பட்டுள்ளனவா என்பதை முதலில் பாருங்கள். ரிவெட் அடித்ததைத் தனியாகக் கழற்ற இயலாது.

கிருலப்பனைக் கிழவர்

தம்பி, மேலே சொன்னவை சரி. இருந்தாலும், கொழும்பின் சமதரையில் ஓடும் சைக்கிளுக்கு 9 வேகமே எதற்கு என்று நான் கேட்பேன். 8 வேகக் கசெட்டும் செயினும் பொதுவாக விலை குறைந்தவை. புறக்கோட்டையில் தேடுவதும் இலகு. உங்கள் பின்சக்கரத்தின் மையம் 8, 9 வேகக் கசெட்டுகள் இரண்டையும் ஏற்கும். ஷிமானோவின் மலைச் சைக்கிள் டெரெய்லியர்கள் 9 வேகம் வரை ஒரே இழுவை விகிதத்தில் (கம்பி இழுபடும் அளவுக்கு டெரெய்லியர் நகரும் விகிதம்) இயங்குவதால், இருக்கும் டெரெய்லியரே போதும். சில்லுகளுக்கிடையிலான தூரம் 4.34 மில்லிமீற்றரிலிருந்து 4.8 ஆக மாறுவதால், வலக்கைப் பக்கத்துக் கியர் மாற்றியை மட்டும் 8 வேகத்துக்கு மாற்றவேண்டும். பழையது தேய்ந்து வழுக்கத் தொடங்கும்வரை ஓடிவிட்டு, எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுங்கள்.

பற்சில்லு

ஐயா, கணக்கு சரிதான். ஆனால் அவருடைய கைப்பிடியில் பிரேக் பிடியும் கியர் மாற்றியும் ஒன்றாக வருகிற வகை இருந்தால், மாற்றியோடு பிரேக் பிடியையும் வாங்கநேரும். மீதம் அங்கேயே போய்விடும். வழுக்கும்வரை ஓடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. பம்பலப்பிட்டிச் சந்தியில் பச்சை விளக்கு விழுந்ததும் எழுந்து நின்று மிதிக்கும்போது, பின்னால் பேருந்து நெருங்க, செயின் வழுக்கினால் மிதிகால் வெறுமனே கீழே போகும். அந்த ஆபத்துக்கு ஒரு கசெட்டின் விலை பெரிதல்ல.

வெள்ளவத்தைவாசி

இருவருக்கும் நன்றி. என்னுடைய கியர் மாற்றி பிரேக்கோடு ஒன்றாக வருவதுதான், ஆகவே 9 வேகத்திலேயே ஆல்டஸ் கசெட்டை வாங்கவிருக்கிறேன். செயினில் துருத்தடுப்புப் பூச்சுக்குக் கூடுதலாகச் செலவிடலாமா? டெரெய்லியரில் செயின் சுற்றிவரும் இரண்டு சிறு சில்லுகளில் மேலுள்ளது பக்கவாட்டில் ஆடுகிறது என்று கடையில் காட்டினார்கள். அதற்காகத்தான் டெரெய்லியரையும் மாற்றச் சொன்னார்கள்.

தெகிவளை உப்புக்காற்று

செயின் பற்றி நான் சொல்கிறேன். கரையோர வீதியில் ஓடுபவருக்கு, குறிப்பாகத் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், பூச்சு ஓரளவு உதவும். ஆனால் அது காப்பது பெரும்பாலும் வெளிப்புறத்தையே, தேய்வதோ உள்ளேயிருக்கும் ஊசிகள். சாதாரணச் செயினை வாங்கி, மழையில் நனைந்த அன்றே துடைத்து, கண்ணிக்கு ஒரு துளி ஒயில் விட்டு, மேற்புறத்தில் தங்குவதைத் துணியால் ஒற்றியெடுங்கள். தடித்த பழைய என்ஜின் ஒயில் மணலைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அதைத் தவிருங்கள்.

மேல் சிறு சில்லு சற்றுப் பக்கவாட்டில் ஆடுவது ஷிமானோவின் வடிவமைப்பிலேயே உள்ளது. கியர் விழும்போது செயின் தானாகச் சில்லுக்கு நேராக வர அந்த அசைவு உதவுகிறது. பற்கள் கூராகித் தேய்ந்திருந்தால் சிறு சில்லுகள் இரண்டையும் தனியாக வாங்கலாம். மேலதற்கு அதே அசைவுள்ளதைக் கேளுங்கள். டெரெய்லியரின் மூட்டுகள் தொளதொளவென்று இல்லாவிட்டால் அது அப்படியே இருக்கட்டும்.