பொருள்: ‘ஸ்மார்ட் சுவிட்ச்’ – கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்குள்

கூடலூரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். இங்கே வயரிங் பழகும் பெண்களுக்காக எட்டுப் பக்கக் கையேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். சுவிட்ச் போர்டை மாற்றாமல், அதன் பின்னாலேயே கரண்டைப் போட்டு நிறுத்தும் தீப்பெட்டி அளவு ரிலே மாட்யூல் ஒன்றை வைத்து, லைட்டையும் ஃபேனையும் போனிலிருந்தும் இயக்குவதுதான் பாடம். கண்ணாடித் தொடுபலகை வாங்குவதைவிட மலிவு, பழைய சுவிட்சும் கைக்கு வேலை செய்யும். எழுத்து மூன்று இடத்தில் நின்றுவிட்டது: ஸ்மார்ட் சுவிட்ச், நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்), நியூட்ரல் இல்லாமலே ஓடும் ஸ்மார்ட் சுவிட்ச். வெள்ளி காலை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

உதகையிலிருந்து:

அம்மா, இதில் என்ன குழப்பம்? ஸ்மார்ட்போனுக்குத் ‘திறன்பேசி’ ஊரறிந்த சொல். சுவிட்சுக்கு ‘ஆளி’ இருக்கிறது. ஆள் என்ற பகுதியோடு இகர விகுதி சேர்ந்தது. மின்சாரத்தை ஆள்வது ஆளி. ஆகவே ‘திறனாளி’. நியூட்ரலுக்கு ‘நொதுமல்’. மூன்றாவது ‘நொதுமலில் திறனாளி’, அதாவது நொதுமல் இல்லாதது. வேலை முடிந்தது. (ஃபேன் பற்றி என்னைக் கேட்காதீர்கள். 2,240 மீட்டர் உயரத்தில் என் வீட்டுக் கூரையில் கொக்கியே கிடையாது.)

குன்னூரிலிருந்து:

ஐயா, நான் எலக்ட்ரீசியன், தமிழ் படித்தவன் அல்ல. ஆனால் ‘நொதுமலில் திறனாளி வேலை செய்யவில்லை’ என்று ஒருவர் போன் செய்தால், யாரோ மாற்றுத்திறனாளிக்கு வேலை போய்விட்டது என்றுதான் நினைப்பேன். உழைப்பாளி, நோயாளி, கூட்டாளி எல்லாம் ஆட்கள். சுவிட்ச் ஆள் இல்லை.

கோத்தகிரியிலிருந்து:

‘ஆளி’ புத்தகச் சொல் என்று யாராவது சொல்வதற்குமுன் ஒன்று. அது இலங்கைப் பாடநூல்களில் புழங்கும் சொல். 1964 சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் வந்த குடும்பங்கள் இந்த மலையில் எத்தனை! என் அப்பா அங்கே விஞ்ஞானப் பாடத்தில் ஆளி என்றுதான் எழுதினாராம். நீலகிரியில் அது அந்நியச் சொல் ஆகாது.

நேற்று அவரிடமே கேட்டேன், வீட்டில் என்ன சொல்வீர்கள் என்று. “சுவிச்சுதான், வேறென்ன” என்றார். மறைக்காமல் பதிவு செய்கிறேன்.

உதகையிலிருந்து:

தந்தையாருக்கு வணக்கம். ஆளிக்கு இன்னொரு பொருளும் உண்டு. சங்கப் பாடல்களில் யானையின் மத்தகத்தைப் பிளக்கும் விலங்கு அது; கோயில் தூணில் நாம் பார்க்கும் யாளி. யகரம் முன்னா, ஆகாரம் முன்னா என்பதில் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, தனியாக எழுதுகிறேன். கூடலூரில் யானை பலாப்பழத்துக்கு வீட்டு வாசல்வரை வருகிறது. ஒவ்வொரு சுவரிலும் ஓர் ஆளி இருப்பது நல்லதுதானே?

குன்னூரிலிருந்து:

ஆளி விதையும் இருக்கிறது ஐயா. அதையும் சுவரில் வைக்கலாம்.

கொடைக்கானலிலிருந்து:

பழனி மலையிலிருந்து ஒரு குரல். ஸ்மார்ட்டுக்கு ‘சூட்டிகை’ இருக்கும்போது ‘திறன்’ எதற்கு? திறன் எல்லாவற்றுக்கும் ஒட்டும் பசை. சூட்டிகை கிராமத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது: சூட்டிகையான பிள்ளை, சொன்னதும் பிடித்துக்கொள்ளும். சூடு, சூட்டி, சூட்டிகை என்று அதன் பிறப்பை ஊகிக்கிறேன். சூடு என்றால் வெப்பம் மட்டுமல்ல, உறைப்பு, வேகம்...

குன்னூரிலிருந்து:

அண்ணா, சுவிட்ச் சூட்டிகையாக இருந்தால் டெர்மினல் லூசாக இருக்கிறது என்று அர்த்தம். பிளாஸ்டிக் உருகுமுன் மெயினை இறக்க வேண்டும்.

அப்புறம், உண்மையான சிக்கல் நியூட்ரலில் இருக்கிறது. போன மாதம் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயன் வீட்டில் மெட்டல் பாக்ஸைத் திறந்தேன். உள்ளே இரண்டே ஒயர், இரண்டும் சிவப்பு, டேப் பனி ஈரத்தில் பிசுபிசுத்துக் கிடந்தது. ஒன்று வருகிற பேஸ், மற்றது லைட்டுக்குப் போகும் ரிட்டர்ன். நியூட்ரல் போர்டுக்கு வராமல் நேரே கூரையில் பல்ப் தொங்கும் சீலிங் ரோஸுக்குப் போயிருந்தது. பழைய வீடுகளில் பாதி இப்படித்தான். மாட்யூலுக்குள் இருக்கும் வைஃபை எப்போதும் விழித்திருக்க வேண்டும், அதற்குக் கரண்ட் வேண்டும், கரண்ட் திரும்பிப் போக நியூட்ரல் வேண்டும். நியூட்ரல் கேட்காத வகையைப் போட்டேன். அது பல்ப் வழியாகவே கொஞ்சம் இழுத்து உயிர் பிழைத்துக்கொள்ளும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அந்த வீட்டுப் பாட்டி, “அணைச்ச பல்பு கண் சிமிட்டுது தம்பி” என்று போன். 5 வாட் எல்இடிக்கு அந்தத் துளிக் கரண்டே போதும். மறுநாள் போய், மாட்யூலோடு வந்த மின்தேக்கியைப் பல்புக்கு இணையாகக் கட்டியபின்தான் நின்றது.

கையேட்டில் இரண்டு வரி கொட்டை எழுத்தில் போடுங்கள் அக்கா. கறுப்பு ஒயரைப் பார்த்ததும் நியூட்ரல் என்று நம்பாதே. பழைய ஆட்கள் கறுப்பையே ரிட்டர்னாக இழுத்திருப்பார்கள். நியூட்ரல் கிடைக்கவில்லை என்று எர்த்தில் கட்டாதே.

உதகையிலிருந்து:

அருமை தம்பி. அந்த இரண்டு வரிக்காகத்தான் ‘நொதுமல்’ வேண்டும் என்கிறேன். பாடநூலில் இருக்கும் ‘நடுநிலை’ வழவழா. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்துக்குப் பரிமேலழகர் சொல்லும் விளக்கத்திலேயே பகை, நொதுமல், நண்பு என்று மூன்று பகுதி வருகிறது. நொதுமல் என்றால் பகையும் இல்லை, நட்பும் இல்லை. பெண் கேட்டு அயலார் வருவதை ‘நொதுமலர் வரைவு’ என்கிறது அகத்திணை மரபு. ஷாக்கும் அடிக்காமல், விளக்கும் எரிக்காமல் ஒதுங்கி நிற்கும் கம்பிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா?

குன்னூரிலிருந்து:

ஒதுங்கி நிற்கும் என்று நம்பித்தான் பலர் அடி வாங்கியிருக்கிறார்கள். நியூட்ரல் எங்கேயாவது அறுந்திருந்தால், லைட் போட்டிருக்கும்போது அதிலும் டெஸ்டர் எரியும். அயலார் கதை வகுப்புக்கு வேண்டாம் ஐயா.

கூடலூரிலிருந்து:

இருவருக்கும் நன்றி. இன்றைக்கு வகுப்பில் சோதித்துப் பார்த்தேன். ‘நொதுமல்’ என்று போர்டில் எழுதியதும் ஒரு பெண், “நொதித்த மாவா டீச்சர்?” என்றாள். ‘நடுநிலை’யைப் புரிந்துகொண்டார்கள், ஆனால் மூன்று ஒயரில் நடுவில் இருப்பதுதான் நடுநிலை என்று இரண்டு பேர் எழுதினார்கள். இது ஆபத்து. லேபிள் எழுதினால் வேறு சிக்கல்: நியூட்ரலுக்கும் ‘நி’, எர்த்துக்கான நிலத்துக்கும் ‘நி’. மாட்யூலின் முதுகிலோ பேஸுக்கு ‘எல்’, நியூட்ரலுக்கு ‘என்’ என்றுதான் அச்சிட்டிருக்கிறது.

ஃபேன் பாடத்தையும் சொல்லிவிடுகிறேன், இங்கே சித்திரையில் ஃபேன் வேண்டும். வெறும் ரிலே மாட்யூல் ஃபேனைப் போடும், நிறுத்தும், அவ்வளவுதான். வேகத்துக்குப் பழைய ரெகுலேட்டர் அப்படியே இருக்கட்டும். லைட்டுக்கான டிம்மரை ஃபேனுக்குப் போட்டால் மோட்டார் உறுமும், சூடாகும். ரிமோட்டோடு வரும் பிஎல்டிசி ஃபேன் (பிரஷ் இல்லாத மோட்டார் உள்ளது) என்றால் ரெகுலேட்டரையே கழற்றிவிட வேண்டும். சாதாரண ஃபேன் 75 வாட் இழுக்கும் இடத்தில் அது 30 வாட் சுமாருக்கு ஓடும். ஃபேனுக்கு மாட்யூல் வாங்கும் காசைச் சேர்த்து வைத்து இதை வாங்கலாம் என்றே எழுதப் போகிறேன். ரிலேவுக்கும் ரெகுலேட்டருக்கும் தமிழ் கேட்கவில்லை, தயவுசெய்து...

கொடைக்கானலிலிருந்து:

ரிலே: அஞ்சல் ஓட்டம் போல ‘அஞ்சலி’!

கோத்தகிரியிலிருந்து:

மாலை போட்டுவிடலாம்.

கூடலூரிலிருந்து:

வியாழன் இரவு. முடிவு செய்துவிட்டேன், திட்டுவதானால் சனிக்கிழமை திட்டுங்கள். தலைப்பு: ‘திறன் சுவிட்ச்’. உள்ளே எல்லா இடத்திலும் ‘நியூட்ரல்’. மூன்றாவது ‘நியூட்ரல் வேண்டாத சுவிட்ச்’. எனக்கும் அது கலைச்சொல்லாகத் தெரியவில்லை, ஆனால் வகுப்பில் யாரும் கை தூக்கவில்லை. குன்னூர், கோத்தகிரி ஆதரவு. கொடைக்கானல் ‘சூட்டிகை’யில் உறுதி. கடைசிப் பக்கச் சொற்பட்டியலில் ஆளியும் நொதுமலும் சூட்டிகையும் இருக்கும்.

உதகையிலிருந்து:

என் எதிர்ப்பைப் பதிவு செய்க. ‘திறன் சுவிட்ச்’ ஒட்டுக் கன்று. அதைவிட, தமிழ்ச்சொல் வல்லின மெய்யில் முடியாது. ‘சுவிட்சு’ என்று உகரம் சேர்த்து எழுதினால்தான் முறை. டகர மெய்க்குப் பின் சகரம் வருவதற்கு இலக்கணத்தில் தடை இல்லை, கட்சி, ஆட்சி இருக்கின்றனவே. கோத்தகிரித் தந்தையார் ‘சுவிச்சு’ என்றாராம். இரட்டித்த சகரம், ஈற்றில் குற்றியலுகரம். அவர் சொன்னதே நன்னூலுக்கு இன்னும் நெருக்கம். அச்சுக்குப் போய்விட்டதா?

கூடலூரிலிருந்து:

போய்விட்டது ஐயா.