தடைக்காலத்தில் பீடியை விட வைக்கலாமா? வீட்டில் 5 மாசக் கர்ப்பிணி

கேள்வி: தங்கச்சிமடம்_61

தங்கச்சிக்கு 5-ஆம் மாசம் நடக்குது. மாப்பிள்ளை ராமேஸ்வரத்தில் விசைப்படகுக்குப் போறவர். நாளைக்கு 20 பீடிக்குக் குறையாது, கண்ணு முழிச்சதும் முதல் வேலையே அதுதான். விடணும்னு அவரே சொல்றார். ஆனா "வீட்டுக்குள்ள பிடிக்கிறதில்லையே, வாசல்லதானே"ன்னும் சேர்த்துச் சொல்றார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போ விடுறது நல்லதா, இல்ல கடலுக்குப் போயிட்டிருக்கும்போதே விடுறதா? மருந்துக்கடையில் நிகோடின் சூயிங்கம் கேட்டா, எத்தனை மில்லிகிராம்னு திருப்பிக் கேக்குறாங்க. பீடிக்குத் தனிக் கணக்கு ஏதும் உண்டா?

---

மாத்திரைப்பெட்டி:

எத்தனை பீடிங்கிறதைவிட, எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பீடிங்கிறதுதான் கணக்கு. 30 நிமிஷத்துக்குள்ளன்னா 4 மி.கி. அதுக்கு மேல தாங்குவார்னா 2 மி.கி. போதும். உங்க மாப்பிள்ளைக்கு 4 தான். அதுக்கு டாக்டர் சீட்டு வேணும். சீட்டு வாங்கச் சோம்பிப் போய் 2-ஐ வாங்கிக் கொடுத்தா, ரெண்டாம் நாளே "இதுல ஒண்ணும் இல்ல"ன்னு துப்பிடுவார். இதய நோய் இருந்தா டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடணும்.

பீடி சின்னது, அதனால கெடுதல் கம்மின்னு நினைக்க வேண்டாம். இலை வழியா காத்து உள்ளே புகாது. அடிக்கடி இழுக்கலைன்னா அணைஞ்சுடும். அதனாலதான் சிகரெட்டைவிட ஆழமா, அதிக தடவை இழுக்குறாங்க.

கம் மெல்லுற முறையில்தான் நிறையப் பேர் தோத்துப் போறாங்க. சாதா சூயிங்கம் மாதிரி விடாம மென்னா நிகோடின் எச்சிலோட வயித்துக்குள்ள இறங்கிடும். பிறகு விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல். மெதுவா மெல்லணும், நாக்கில் காரம் ஏறினதும் நிறுத்தணும். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்கணும். காரம் அடங்கினதும் மறுபடி மெல்லணும், இந்தத் தடவை வேற பக்கம் ஒதுக்கணும். ஒரு கம் சுமார் 30 நிமிஷம் வரும். டீ, காபி, கலர் குடிச்சா 15 நிமிஷம் கழிச்சுத்தான் கம், வாயில் கம் இருக்கும்போதும் இதெல்லாம் கூடாது. புளிப்பு இருந்தா நிகோடின் வாய்த்தோல் வழியா ஏறாது.

முதல் 6 வாரம் 1-2 மணி நேரத்துக்கு ஒண்ணு. அடுத்த 3 வாரம் 2-4 மணி நேரத்துக்கு ஒண்ணு. கடைசி 3 வாரம் 4-8 மணி நேரத்துக்கு ஒண்ணு. ஆரம்பத்தில் நாளைக்கு 9-க்குக் குறைஞ்சா பத்தாது, 24-ஐத் தாண்டவும் கூடாது. பீடி கேக்குறவரைக்கும் காத்திருக்காம மணி பார்த்துப் போடணும்.

---

உப்புக்காத்து:

அண்ணா, வாசல் கதைக்கு வர்றேன். பகல்ல காத்து கடல்லேருந்து கரைக்கு அடிக்குது. கடல் பார்த்த வாசல்ல நின்னு ஊதுனா புகை நேரா வீட்டுக்குள்ளதான் வரும். வீட்டை விட்டுத் தள்ளிப் போய்ப் பிடிச்சாலும் சட்டை, தலைமுடி, தாடியில் ஒட்டினது கூடவே வரும். பிடிச்சு முடிச்ச பிறகும் சில நிமிஷம் மூச்சில் புகை மிச்சம் இருக்கும்.

புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமாப் பிடிச்சுக்கும். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழ இருந்தா ரத்தசோகை. ஏற்கெனவே குறைவா இருக்கிற ரத்தத்தில் இதுவும் போய் உட்காந்தா குழந்தைக்குப் போற ஆக்சிஜன் இன்னும் குறையும். எடை குறைஞ்சு பிறக்கிறதும், மாசம் முழுமையாகாம பிறக்கிறதும் இந்தப் புகையால் கூடுது. தங்கச்சி கர்ப்பிணிக் கார்டில் கடைசியா எழுதின அளவைப் பாருங்க.

விடுற நாள் எப்போ வேணா வரட்டும், வீட்டுச் சட்டத்தை இன்னைக்கே போட்டுடலாம். வாசல்ல பீடி கிடையாது. பிடிச்சிட்டு வந்தா சட்டையை வெளியிலேயே கழட்டிக் கை, முகம் கழுவணும். தொட்டிலுக்கு எடுத்து வெச்ச சேலையை அவர் சட்டை மாட்டுற கொடியில் போடாதீங்க. மாப்பிள்ளை கம் மெல்றதால தங்கச்சிக்கு ஒண்ணும் ஆகாது, அதில் புகை இல்லை. பெட்டியை மட்டும் பிள்ளைங்க கைக்கு எட்டாம வைங்க.

---

மடிக்காரன்:

கடல்லயே விடச் சொல்லி யாராவது சொன்னா கேக்காதீங்க. நடுக்கடல்ல கடை இல்லைங்கிறது உண்மை, ஆனா கூட வர்றவங்க இடுப்பில் பீடிக் கட்டு இருக்கே! மடி வலையை இறக்கிட்டுக் காத்திருக்கிற ராத்திரி நேரம் பீடிக்குன்னே அமைஞ்சது. கேக்காமலே ஒருத்தர் நீட்டுவார்.

தடைக்காலம்தான் சரி. ஆனா அதுவும் சும்மா கிடைக்காது. படகு கரையேறினதும் டீக்கடை பெஞ்சும் சீட்டாட்டமும்தான் பொழுது. முதல் ரெண்டு வாரம் அந்தப் பக்கமே போகாம வலை வேலையை வீட்டு முத்தத்துக்குக் கொண்டு வரச் சொல்லுங்க. ரெண்டு கையும் வேலையா இருந்தா பாதி தொல்லை போச்சு. 2-3-ஆம் நாள்தான் உச்சம்: எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி. அதுக்குப் பிறகு 2-4 வாரத்தில் இறங்கிடும். ஒவ்வொரு தடவை கேக்குறதும் சில நிமிஷம்தான் நிக்கும்.

யாரும் வெளியே சொல்லாத ஒண்ணு: பலருக்குக் காலையில் பீடி பத்தவெச்சாத்தான் வெளிக்கு வரும். நிகோடின் குடலைக் கிளப்பி விடுது. நிறுத்தின வாரம் மலச்சிக்கல் வந்து, அதுக்காகவே மறுபடி பத்த வெப்பாங்க. முதல் நாள்லேருந்தே கீரை, வாழைப்பழம், எழுந்ததும் வெதுவெதுப்பா ரெண்டு டம்ளர் தண்ணி.

டீயையும் பாதியாக் குறைக்கணும். புகை நின்னதும் உடம்பு காபி, டீச் சத்தை மெதுவாத்தான் கரைக்கும். அதே எட்டு டீ குடிச்சா படபடப்பும் தூக்கமின்மையும் வரும். ஆளு அதைப் பீடி இல்லாததால்னு நினைச்சுக்குவார்.

வாய்க்கு வேலைன்னு பாக்கு, ஹான்ஸ் பக்கம் மட்டும் விட்டுடாதீங்க. பாக்கு தனியாவே வாய்ப் புற்றுநோய் தரும். சாயல்குடிப் பக்கம் சில்லுக்கருப்பட்டி கிடைக்கும், ஏலக்காய், வறுகடலை எதுவும் போதும்.

---

தங்கச்சிமடம்_61:

மூணு பேருக்கும் நன்றி. ரெண்டு சந்தேகம். தோல்ல ஒட்டுற நிகோடின் பட்டை வாங்கலாமா? ஒரேயடியா நிறுத்தாம நாளைக்கு ரெண்டு ரெண்டாக் குறைக்கிறேன்னு மாப்பிள்ளை சொல்றார், ஒத்துக்கலாமா?

---

மாத்திரைப்பெட்டி:

பட்டை கரையில் இருக்கிறவரைக்கும் சரி. கடல்ல வியர்வையிலும் உப்புத்தண்ணியிலும் உரிஞ்சுடும். அதனால கம்மே போதும்.

எண்ணிக்கையைக் குறைச்சா, மிச்சமிருக்கிற பீடியை ஆழமா இழுத்து அதே நிகோடினை எடுத்துடுவாங்க. நாள் குறிச்சு ஒரேயடியா நிறுத்துறவங்கதான் கொஞ்சம் அதிகமா நிலைக்கிறாங்க. ஏப்ரல் 14-ஆம் தேதி ராத்திரி வீட்டில் கட்டு, தீப்பெட்டி எதுவும் மிஞ்சக் கூடாது. பீடிக் கட்டு மேலேயே அச்சடிச்சிருக்கிற 1800-11-2356 இலவச எண். தமிழிலும் பேசுவாங்க. அதைத் தங்கச்சி கூப்பிட வேண்டாம், அவரே கூப்பிடட்டும்.

---

மடிக்காரன்:

ஒண்ணு விட்டுப்போச்சு. ஏப்ரல் 15-ல் தொடங்கினா ஜூன் 15-ல் 9-ஆம் வாரம் முடியுற நேரம். பட்டியல்படி கம்மைக் குறைக்கிறதும் முதல் கடல் பயணமும் ஒண்ணா வந்து விழும். அப்போ குறைக்காதீங்க, 2-4 மணிக் கணக்கையே இன்னும் ரெண்டு வாரம் நீட்டுங்க. முதல் பயணத்துக்குப் பத்து கம், இறுக்கமா மூடுற டப்பாவில், சாப்பாட்டுப் பையில். கூட வர்றவங்ககிட்ட "எனக்கு நீட்டாதீங்க"ன்னு கடலுக்குப் போக டோக்கன் எடுக்கும்போதே சொல்லிடணும், படகேறின பிறகு சொன்னா கிண்டல்தான் மிஞ்சும். தவறி ஒண்ணு பிடிச்சிட்டா அந்த ஒண்ணோட நிறுத்திட்டு அடுத்த மணிக்குக் கம்மைப் போட்டுக்கலாம், மறுபடி நாள் குறிக்கணும்னு இல்ல.